சதுப்புக்குள் வாழும் பூஞ்சைகள்

விடுமுறைக்கு ஊருக்குச் சென்று, தில்லிக்கோ மும்பைக்கோ கொல்கத்தாவுக்கோ திரும்பும் நம்மவர் குடும்பம் எதுவாயினும், அதன் மூட்டைகளுக்கு நடுவில் ஓர் ஊறுகாய் ஜாடி இல்லாமற் போவதில்லை. இரண்டு நாள் இரயிலில் குலுங்கி வந்து, பின்னர் ஆறு மாதம் அலமாரியில் இருந்தும் அந்த மாங்காய் கெடுவதில்லை. காரணம் என்ன? உப்பும் புளிப்பும் ஒருபுறம் காக்கின்றன. மேலே நிற்கும் எண்ணெய் காற்றை உள்ளே விடாமல் மறுபுறம் காக்கிறது. எண்ணெய் வற்றி, காய்த்துண்டு ஒன்று வெளியே தலை நீட்டினால் போதும். சில நாட்களில் அதன்மேல் வெண்மையாகப் பூசணம் பூத்துவிடுகிறது.

சமையலறைச் செய்தியை இங்கே எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உலகத்தின் குளிர் நாடுகளில், இயற்கை பல்லாயிரம் ஆண்டுகளாக ஊறப்போட்டு வைத்திருக்கும் மாபெரும் ஜாடிகள் பல இருக்கின்றன. அவற்றுக்குப் பீட் சதுப்புகள் என்று பெயர். அவற்றில் ஊறிக்கொண்டிருப்பவை இறந்துபட்ட தாவரங்களும் அவற்றுள் அடங்கிய கார்பனும் ஆகும். அந்த ஜாடியின் எண்ணெய் வற்றத் தொடங்கினால் அங்கே பூக்கப்போகும் பூசணம் எது, அது எவ்வளவு தின்னும் என்னும் கேள்வி, இன்று உலகம் முழுவதையும் தொடும் கேள்வியாகிவிட்டது. அதற்கு விடை தேட விஞ்ஞானிகள் கைக்கொண்டுள்ள ஒரு முறையை விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் பீட் என்பது யாது எனக் காண்போம். இறந்த செடி மட்குவது தானாக நிகழும் செயலன்று. பாக்டீரியா என்னும் நுண்ணுயிர்களும், பூசணம், காளான் ஆகியவற்றை உள்ளிட்ட பூஞ்சைகளும் அதனைத் தின்று, அதிலுள்ள கார்பனைக் கரியமில வாயுவாக மீண்டும் காற்றில் விடுகின்றன. நீர் எப்போதும் தேங்கி நிற்கும் நிலத்திலோ, பிராணவாயு உட்புக வழியில்லாமையால் இந்த வேலை மிகவும் தளர்ந்துபோகிறது. ஆண்டுதோறும் வளர்ந்து மடியும் செடிகளில் ஒரு சிறு பங்கு மட்காமல் எஞ்சி, அடுக்கின்மேல் அடுக்காகப் படிகிறது. பழுப்பு நிறமும் பஞ்சு போன்ற மென்மையும் கொண்ட அந்தப் படிவே பீட். நிலக்கரியாவதற்கு முந்திய நிலையில் இருப்பதால், முற்றா நிலக்கரி என்றும் இதனைக் கூறுவர். ஆண்டொன்றுக்கு இது உயர்வது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். பல இடங்களில் அதற்கும் குறைவு. ஆகவே, மூன்று மீட்டர் ஆழமுள்ள பீட் என்றால் அது மூவாயிரம் ஆண்டுகளுக்குக் குறையாத சேமிப்பு என்று கொள்ளலாம்.

கனடா, ரஷ்யா, ஸ்காண்டிநேவிய நாடுகள், அயர்லாந்து முதலிய இடங்களில் இச்சதுப்புகளைக் கட்டுவது பெரும்பாலும் ஸ்பாக்னம் என்னும் ஒரு பாசி. அது தன் எடையைப்போலப் பல மடங்கு நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தன்னைச் சுற்றியுள்ள நீரைப் புளிக்கவும் செய்யும். அச்சதுப்பு நீரின் புளிப்பு ஏறத்தாழத் தக்காளிச் சாற்றின் புளிப்புக்கு நிகரானது. குளிர், புளிப்பு, காற்றின்மை என்னும் மூன்றும் ஒருங்கே சேர்ந்தால் பொருள்கள் எப்படிக் காக்கப்படும் என்பதற்கு, டென்மார்க்கில் 1950-ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்று சான்று. பீட் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒரு மனிதனின் உடலைக் கண்டார்கள். முகத்தில் சுருக்கங்களும் கன்னத்தில் முளைத்த சிறு மயிரும் அப்படியே இருந்தமையால், அண்மையில் கொலையுண்டவன் என்று கருதிக் காவல் துறைக்குச் சொல்லியனுப்பினார்கள். ஆராய்ந்து பார்க்கையில், அம்மனிதன் இறந்து சுமார் 2,400 ஆண்டுகள் ஆகியிருந்தன! அவன் கடைசியாக உண்ட தானியக் கஞ்சியின் எச்சமும் வயிற்றில் இருந்தது. டோலண்ட் மனிதன் என்று அவனை இன்று உலகம் அறியும்.

மனித உடலைக் காக்கும் சதுப்பு, கார்பனையும் அவ்வாறே காக்கிறது. பூமியின் நிலப்பரப்பில் பீட் நிலங்கள் ஏறத்தாழ 3 சதவிகிதமே. ஆயினும், உலகத்து மண்ணில் அடங்கிய கார்பனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அவற்றில் இருப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது. இவ்வளவு பெரிய களஞ்சியம் திறந்துகொண்டால், ஏற்கெனவே கரியமில வாயு மிகுந்துவரும் காற்றில் மேலும் அது சேரும், வெப்பம் ஏறும், ஏறிய வெப்பத்தால் சதுப்பு மேலும் உலரும்.

பீட் நமக்கு முற்றிலும் அயலான பொருள் அன்று என்பதையும் ஈண்டு நினைவுகூரலாம். நீலகிரியில், உதகமண்டலத்தை அடுத்த சாண்டிநல்லா முதலிய பள்ளத்தாக்குகளில் பீட் படிவுகள் உள்ளன. அங்கே எடுத்த பீட்டிலுள்ள கார்பனின் வகைகளை அளந்து, சுமார் 20,000 ஆண்டுகளில் அம்மலையின் ஈரமும் வறட்சியும் மாறிவந்த வரலாற்றை சுகுமார், ரமேஷ், பந்த், ராஜகோபாலன் ஆகிய இந்திய விஞ்ஞானிகள் 1993-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். மடிந்த செடிகள் எழுதிவைத்த பழங்கணக்கை அவர்கள் படித்தார்கள். நாம் இப்போது காணப்போவது, பீட்டுக்குள் இன்று வாழ்ந்துகொண்டிருக்கும் உயிர்களின் கணக்கு. அதற்குப் பூஞ்சைகளை அறிந்துகொள்ள வேண்டும்.

காளான் என்றவுடன் மழைக்குப் பின் முளைக்கும் குடையே நம் நினைவுக்கு வரும். உண்மையில் அந்தக் குடை, மரத்துக்குப் பழம் போன்றது. மரமாகிய உடலோ, கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய இழைகளாக மண்ணுக்குள் பரந்து கிடக்கிறது. பல பூஞ்சைகள் குடை விரிப்பதே இல்லை. வாழ்நாள் முழுவதும் இழையாகவே இருந்துவிடுகின்றன. அவை உணவை உட்கொண்டு செரிப்பதில்லை. என்சைம் எனப்படும் செரிமானப் பொருள்களை வெளியே சுரந்து, அங்கேயே செரித்து, பின்னர் உறிஞ்சிக்கொள்கின்றன. மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் போன்ற கடினப் பொருள்களையும் உடைக்கவல்லவை அவற்றுள் உண்டு.

சதுப்பிலுள்ள பூஞ்சைகள் எல்லாம் ஒரே தொழிலைச் செய்வனவும் அல்ல. சில, இறந்த பாசியையும் இலையையும் தின்பவை. சில, உயிருள்ள செடிகளின் வேரோடு கூட்டுறவு கொண்டவை. சதுப்பில் வளரும் எரிக்கா இனப் புதர்ச்செடிகளின் வேர்கள் மயிரினும் மெல்லியவை. அவற்றின் உயிரணுக்களுக்குள்ளேயே குடிபுகும் பூஞ்சைகள், மண்ணிலிருந்து நைட்ரஜன் சத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுச் செடியிடமிருந்து சர்க்கரையைப் பெறுகின்றன. இன்னும் சில, செடிகளில் நோய் செய்பவை. ஆகவே, சதுப்பில் பூஞ்சை இருக்கிறதா என்று கேட்டால் போதாது. எந்தத் தொழிலைச் செய்யும் பூஞ்சை மிகுந்திருக்கிறது என்று கேட்க வேண்டும். களஞ்சியம் நிலைப்பதும் கரைவதும் அதனைப் பொறுத்தது.

இக்களஞ்சியத்தின் பூட்டு எது என்பதைப் பற்றி, வேல்ஸ் நாட்டுப் பாங்கர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃப்ரீமனும் உடன் ஆராய்ந்தோரும் 2001-இல் ஒரு கருத்தை வெளியிட்டார்கள். சதுப்பில் ஃபீனால் வகைப் பொருள்கள் மிகுந்துள்ளன. மட்கச்செய்யும் என்சைம்களின் கையை அவை கட்டிப்போடுகின்றன. அந்த ஃபீனாலை அழிக்கவல்ல என்சைம் ஒன்று உண்டு. ஆனால், அது வேலை செய்யப் பிராணவாயு வேண்டும். நீர் நிறைந்திருக்கும் வரையில் பிராணவாயு இல்லை. ஆகவே ஃபீனால் அழிவதில்லை. ஆகவே பீட் மட்குவதில்லை. நீர்மட்டம் தாழ்ந்து காற்று உட்புகுந்தால், பூட்டு திறந்துகொள்ளும் என்பது அவர்கள் கூற்று. அவ்வாறு திறக்கும் திறவுகோல்களைச் சுரக்கும் உயிர்களில் பூஞ்சைகளுக்கு முக்கியமான இடம் உண்டு.

அப்படியானால் சதுப்பில் வாழும் பூஞ்சைகள் யாவை? இதனை அறிய நெடுங்காலம் இரண்டே வழிகள் இருந்தன. முளைத்த காளான்களைப் பொறுக்கி இனங்காண்பது ஒன்று. சிறிது பீட்டை எடுத்து, சத்துள்ள கூழின்மேல் தூவி, முளைப்பதை வளர்த்து, நுண்ணோக்கியில் பார்ப்பது மற்றொன்று. பொறுமை மிக்க அறிஞர் பலர் இவ்வழிகளில் உழைத்ததன் பயனாக, பீட் நிலங்களில் காணப்பட்ட பூஞ்சைகளைத் தொகுத்து 2007-இல் வெளியான ஒரு பட்டியலில் சுமார் 600 இனங்கள் இடம்பெற்றன. ஆயினும் இவ்வழிகளில் ஒரு பெருங்குறை உண்டு. கூழில் விரைந்து வளர்வது எதுவோ, அதுவே தட்டு முழுவதையும் ஆக்கிரமித்துக்கொள்கிறது. மெதுவாக வளர்வதும், உயிருள்ள வேரன்றி வேறெங்கும் வாழாததும் கண்ணில் படுவதே இல்லை. திருமணப் பந்தலில் உரக்கப் பேசுபவரை மட்டும் கணக்கெடுத்தால் எப்படியோ, அப்படித்தான். உலகில் இதுவரை பெயரிடப்பட்ட பூஞ்சை இனங்கள் சுமார் 1,50,000. இருக்கக்கூடியவை 22 இலட்சம் முதல் 38 இலட்சம் வரை என்று 2017-இல் வெளியான ஒரு மதிப்பீடு கூறுகிறது. நாம் அறிந்தது எவ்வளவு சிறிது என்பது இதனால் விளங்கும்.

இங்கேதான் புதிய முறை வருகிறது. உயிர்கள் ஒவ்வொன்றின் உயிரணுவிலும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை உண்டு. நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்ட நூல் போன்றது அது. உயிர்கள் வாழும் இடமெல்லாம், அவற்றின் உடலிலும் உதிர்ந்த துணுக்குகளிலும் இந்த இழை கலந்து கிடக்கிறது. உயிரைத் தனியே பிடித்து வளர்க்காமல், மண்ணையோ நீரையோ எடுத்து, அதிலுள்ள டி.என்.ஏ. முழுவதையும் பிரித்துப் படித்து, அங்கே யார் யார் உளர் என்று அறிவதே சுற்றுப்புற டி.என்.ஏ. முறை.

இது நடைபெறும் விதத்தைப் படிப்படியாகப் பார்ப்போம். சதுப்பின் பரப்பு மேடும் பள்ளமுமாக இருக்கும். மேடு சற்று உலர்ந்தது. பள்ளம் நீர் நிறைந்தது. இரண்டிலும் தனித்தனியாக, கூர்மையான குழாயைச் செலுத்திப் பீட்டைத் தண்டாக எடுக்கிறார்கள். மேலடுக்கு, நடுவடுக்கு, ஆழ்ந்த அடுக்கு என்று அதனைத் துண்டாக்கி, மேற்கொண்டு மாறுதல் நிகழாதவாறு உறையவைத்துப் பரிசோதனைச் சாலைக்குக் கொண்டுசெல்கிறார்கள். அங்கே நுண்ணிய மணிகளோடு சேர்த்துக் குலுக்கும்போது பூஞ்சையின் கடினமான உயிரணுச் சுவர்கள் உடைந்து, டி.என்.ஏ. வெளிப்படுகிறது. பீட்டுக்கே உரிய தொல்லை ஒன்று இவ்விடத்தில் குறுக்கிடும். அதன் பழுப்பு நிறத்துக்குக் காரணமான ஹ்யூமிக் அமிலங்கள் டி.என்.ஏ.வோடு கூடவே வந்து, அடுத்த படியில் நிகழவேண்டிய வினையைத் தடுத்துவிடும். ஆகவே அவற்றைக் கழுவி நீக்குவதில் மிகுந்த கவனம் வேண்டும்.

அடுத்த படி, கிடைத்த சிறு அளவைப் பெருக்குவது. 1983-இல் அமெரிக்கரான காரி முல்லிஸ் கண்டறிந்த பாலிமரேஸ் தொடர்வினை இதற்குப் பயன்படுகிறது. அதற்காக அவர் 1993-இல் வேதியியலுக்கான நோபல் பரிசில் பங்கு பெற்றார். சூடாக்கியும் ஆற்றியும், ஒவ்வொரு சுற்றிலும் டி.என்.ஏ. துணுக்கை இரட்டிக்கச் செய்வது இவ்வினை. சதுரங்கக் கட்டத்தில் நெல்மணியை இரட்டித்துக் கேட்ட புலவனின் கதையை அறியாதார் யார்? அவ்வாறே, ஒன்று முப்பது முறை இரட்டித்தால் நூறு கோடிக்கு மேல் ஆகிவிடும். கொதிநிலையை நெருங்கும் சூட்டிலும் கெடாத என்சைம் இதற்குத் தேவைப்பட்டது. அமெரிக்காவின் எல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுக்களில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து அது கிடைத்தது. வெந்நீர் ஊற்றில் வாழும் உயிர் ஒன்று, குளிர்ச் சதுப்பின் இரகசியத்தைப் படிக்க உதவுவது வியப்புக்குரியது அன்றோ?

டி.என்.ஏ. முழுவதையும் படிப்பது பெருவேலை; ஆதலால் இனத்தை அடையாளங்காட்டும் ஒரு பகுதியை மட்டும் படிக்கிறார்கள். பூஞ்சைகளுக்குப் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்படுவது ஐ.டி.எஸ். எனப்படும் சில நூறு எழுத்துக்கள் கொண்ட பகுதி. பூஞ்சைகளுக்குரிய பொது அடையாளமாக 2012-இல் ஆராய்ச்சியாளர் பலர் கூடி இதனை முன்மொழிந்தார்கள். இதன் சிறப்பை ஓர் அரசாங்கப் படிவத்தைக் கொண்டு விளக்கலாம். படிவத்தில் அச்சிட்ட தலைப்பு எல்லார்க்கும் ஒன்றே; நிரப்பும் இடமோ ஆளுக்கு ஆள் வேறுபடும். ஐ.டி.எஸ்.ஸின் இருபுறமும் உள்ள எழுத்துக்கள் அச்சிட்ட தலைப்புப் போல ஏறக்குறைய எல்லாப் பூஞ்சைகளுக்கும் பொதுவானவை. அவற்றைப் பற்றிக்கொண்டுதான் தொடர்வினை தொடங்குகிறது. நடுவிலுள்ள எழுத்துக்களோ இனத்துக்கு இனம் மாறுபடுபவை. அவையே பெயரைக் காட்டிக்கொடுக்கின்றன.

இவ்வாறு பெருக்கிய துணுக்குகளை இயந்திரம் படித்து, இலட்சக்கணக்கான வரிகளைத் தருகிறது. நூற்றுக்கு 97 எழுத்துக்கள் ஒத்திருப்பவற்றை ஒரே இனமாகக் கொள்வது பலகாலும் பின்பற்றப்பட்ட அளவுகோல். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் நுட்பமான முறைகளும் பின்னர் வந்துள்ளன. இறுதியாக, எஸ்தோனியா நாட்டுத் தார்த்து நகரத்தார் முன்னின்று நடத்தும் யுனைட் என்னும் பதிவேடு போன்றவற்றில் உள்ள வரிசைகளோடு ஒப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் பெயர் காண்கிறார்கள்.

இத்தனையும் கேட்டபின், இனி ஐயத்துக்கு இடமில்லை என்று எண்ணிவிடலாகாது. இம்முறையின் குறைகளை அறிந்து பயன்படுத்துபவர்க்கே இது பயன்தரும். அவற்றுள் நான்கினை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, பெயர் இருப்பதனால் ஆள் இருப்பதாகாது. ஊரை விட்டு வந்து பத்தாண்டுகள் ஆன பின்னும், ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் நிற்கும் அன்பர்கள் நம்மில் பலர். மண்ணிலும் அப்படியே. இறந்த உயிரின் டி.என்.ஏ. உடனே அழிந்துவிடுவதில்லை. பல இடத்து மண்ணை ஆராய்ந்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, அதில் கிடைத்த பாக்டீரியா, பூஞ்சை டி.என்.ஏ.வில் சராசரி 40 சதவிகிதம் உயிருள்ள அணுவுக்குள் இருந்ததன்று என்று காட்டியது. அதனால், விரைவில் அழிந்துபோகும் ஆர்.என்.ஏ. என்னும் பொருளையும் சேர்த்துப் படித்து, இப்போது உழைத்துக்கொண்டிருப்பது எது என்று உறுதிசெய்ய முயல்கிறார்கள்.

இரண்டாவது, துணுக்குகளின் எண்ணிக்கை உயிர்களின் எண்ணிக்கை ஆகாது. ரைபோசோம் டி.என்.ஏ. எனப்படும், ஐ.டி.எஸ். அமைந்துள்ள அப்பகுதி, சில பூஞ்சைகளின் டி.என்.ஏ.வில் 20-க்கும் குறைந்த படிகளாகவும், வேறு சிலவற்றில் 1,000-க்கும் மேற்பட்ட படிகளாகவும் உள்ளது. ஒருவர் ஒரே விண்ணப்பத்தையும் மற்றொருவர் ஆயிரம் விண்ணப்பங்களையும் போட்டால், விண்ணப்பத்தை எண்ணி ஆட்களைக் கணக்கிட முடியுமா?

மூன்றாவது, வெளியார் நுழைதல். பூஞ்சையின் வித்துக்கள் காற்றெங்கும் மிதக்கின்றன. ஒரு வித்து குழாய்க்குள் விழுந்தாலும் தொடர்வினை அதனையும் கோடியாக்கிவிடும். ஆகவே, பீட் எதுவும் இடாத வெறுங்குழாய் ஒன்றையும் எல்லாப் படிகளிலும் கூடவே நடத்திச் செல்வார்கள். அதில் தோன்றும் பெயர்களை ஐயத்தோடு பார்க்க வேண்டும்.

நான்காவதே மிகவும் முக்கியமானது. கிடைத்த வரிசைகள் பலவற்றுக்குப் பதிவேட்டில் பெயரே இருப்பதில்லை. அகராதியில் இல்லாத சொல்லை எதிர்கொண்ட மொழிபெயர்ப்பாளனின் நிலைதான் அது. சொல் இருப்பது உறுதி; பொருள் விளங்கவில்லை. மண்ணிலிருந்து வெறும் டி.என்.ஏ. வரிசையாக மட்டுமே பல ஆண்டுகள் அறியப்பட்டிருந்த ஒரு பெரும் பூஞ்சைக் கூட்டம் உண்டு. அதனைச் சேர்ந்த ஒன்றை வளர்த்துக் காட்டி, அக்கூட்டத்துக்கு ஆர்க்கியோரைசோமைசீட்டிஸ் என்று 2011-இல்தான் பெயரிட்டார்கள். பெயர் கிடைத்தாலும் தொழில் தெரிந்துவிடுவதில்லை. ஆகவே பழைய முறையில் பூஞ்சையை வளர்த்து ஆராயும் அறிஞரின் வேலை முடிந்துவிடவில்லை. முன்னிலும் அதிகமாக வேண்டப்படுகிறது.

இக்குறைகளை மனத்திற் கொண்டு, இம்முறை சதுப்பைப் பற்றிச் சொல்லியுள்ள ஒரு செய்தியைக் காண்போம். கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் உள்ள வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள், மேலே வளரும் பாசியும் செடியும் குலையாதவாறு நூறு பீட் பாளங்களை வெட்டியெடுத்தார்கள். சிலவற்றுக்கு வெப்பத்தைக் கூட்டினார்கள். சிலவற்றில் நீர்மட்டத்தைத் தாழ்த்தினார்கள். சிலவற்றைச் சூழ்ந்த காற்றில் கரியமில வாயுவை மிகுத்தார்கள். இவற்றை ஒன்றோடொன்று சேர்த்தும் பார்த்தார்கள். வலைப்பைகளில் பீட்டை இட்டு அப்பாளங்களில் வைத்து, பன்னிரண்டு மாதங்கள் அதில் குடியேறும் பூஞ்சைகளை ரைபோசோம் டி.என்.ஏ.வைப் படித்துக் கணக்கெடுத்தார்கள். முடிவுகள் 2017-இல் வெளியாயின.

வெப்பம் கூடியபோது பூஞ்சை இனங்களின் மொத்த எண்ணிக்கை குறைந்தது. இதனை மட்டும் கேட்டால், தின்பவர் குறைந்தனர். களஞ்சியம் பிழைத்தது என்று மகிழத் தோன்றும். ஆனால், பெயர்களைப் பார்த்தபோது வேறு செய்தி வெளிப்பட்டது. வெப்பமும் நீர்க்குறைவும் பூஞ்சைச் சமூகத்தின் அமைப்பையே மாற்றியிருந்தன. செடிகளோடு கூடி வாழ்பவற்றில் சிலவும், மார்ட்டியரெல்லா, காலரினா, மைசீனா முதலிய மட்கச்செய்யும் பூஞ்சைகளும் ஓங்கியிருந்தன. இனங்கள் குறைந்தன, தின்னும் கூட்டமோ வலுப்பெற்றது. இதனால் எதிர்காலத்தில் பீட் மட்கும் வேகம் கூடலாம் என்று அவர்கள் எச்சரித்தார்கள். எண்ணிக்கை மட்டும் போதாது, யார் என்பதும் வேண்டும் என்று முன்னே சொன்னதன் பொருள் இதுதான்.

பாளங்களில் கண்டது, திறந்த வெளியில் பொருந்துமா என்று கேட்கலாம். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து வடபகுதியில், மார்செல் ஆராய்ச்சிக் காட்டுச் சதுப்பில், ஸ்ப்ரூஸ் என்னும் பெயரால் ஒரு பெரும் பரிசோதனை நடத்தப்பட்டது. சுமார் 12 மீட்டர் அகலமும் திறந்த கூரையும் உடைய பத்துக் கூடங்களைச் சதுப்பின்மீதே எழுப்பி, இயல்பான வெப்பத்துக்கு மேல் 9 டிகிரி செல்சியஸ் வரை ஐந்து படிகளாகச் சூடேற்றினார்கள். ஆழ்ந்த பீட்டைச் சூடாக்குவது 2014-இலும், காற்றையும் சேர்த்துச் சூடாக்குவது 2015-இலும் தொடங்கின. கார்பனைச் சேர்த்துவந்த சதுப்பு, சூடேறியபின் கார்பனை இழக்கும் சதுப்பாக மாறியது என்பது 2020-இல் வெளியான முடிவு. வெப்பம் ஏற ஏற இழப்பும் ஏறியது. அங்கே மண்ணுக்குள் ஒளி ஊடுருவும் குழாய்களைப் புதைத்து, அவற்றுள் படக்கருவியைச் செலுத்தி, வேர்களும் பூஞ்சை இழைகளும் வளர்வதைப் படமெடுக்கவும் செய்தார்கள். டி.என்.ஏ. பெயரைச் சொல்லும், படம் உயிரோடு இருப்பதைக் காட்டும், வாயுவை அளக்கும் கருவி விளைவை உரைக்கும். மூன்று சாட்சியங்களும் ஒத்தால்தான் வழக்கு உறுதிப்படும்.

இவற்றால் நமக்கு ஆவதென்ன என்று நேயர்கள் வினவக்கூடும். சதுப்பில் கால்வாய் வெட்டி நீரை வடித்து, வயலாக்குவதும் தோட்டமாக்குவதும் உலகில் பல இடங்களில் நெடுநாளாக நடந்துவரும் செயல். வடித்த நிலத்தில் ஜாடியின் எண்ணெய் போய்விடுகிறது, பூட்டு திறந்துகொள்கிறது. அக்கால்வாய்களை அடைத்து மீண்டும் நீரைத் தேக்குவதே பல நாடுகள் இன்று மேற்கொண்டுள்ள மாற்று. நீர் திரும்பிய சதுப்பில் பாசி பச்சையாகத் தெரிவது கண்ணுக்கு மகிழ்ச்சிதான். ஆயினும், உள்ளே பழைய குடிகள் திரும்பினவா, அல்லது வறண்ட காலத்தில் புகுந்தவை இன்னும் ஆட்சி செய்கின்றனவா என்பதை மேலேயிருந்து கண்டறிய இயலாது. சிறிது பீட்டும், அதிலுள்ள டி.என்.ஏ.வும் அதனைச் சொல்லக்கூடும். முன்பு எடுத்த கணக்கு ஒன்று கையிலிருந்தால்தான் பின்பு எடுப்பதை ஒப்பிட முடியும். ஆகவே சதுப்பு கெடுவதற்கு முன்பே கணக்கெடுப்பது அறிவுடைமை.

ஊறுகாய் ஜாடியைத் திறந்து பார்க்கும் நம் வீட்டுப் பெரியவர்கள், மேலே எண்ணெய் நிற்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். குறைந்திருந்தால், பூசணம் வரட்டும் பார்ப்போம் என்று காத்திருக்க மாட்டார்கள்; அன்றைக்கே காய்ச்சி ஆற்றிய எண்ணெயை ஊற்றிவிடுவார்கள். பூஞ்சைகளின் பெயர்ப்பட்டியல் முற்றுப்பெற இன்னும் நெடுங்காலம் ஆகலாம். அது முடியும் வரையில் சதுப்பின் நீரைக் காப்பதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை.